ஓரக்கண் சோதனை

நேரே பார்த்தால் தெரியாது என்றேன்.

கரடிப்போக்குச் சந்தியில் தகரக் கூரைக்குக் கீழே
ஓமந்தை கடந்து வந்த லொறிச் சாமான்கள்:
வயர்ச் சுருள், பால்மாப் பெட்டி, கால் உடைந்த மின்விசிறி,
நடுவில் சுவரைப் பார்த்தபடி
ஏழு மொனிற்றர்.

லோறன்ஸ் அண்ணை ஒவ்வொன்றாய் மேசையில் ஏற்றினார்.
ஜெனறேற்றர் இருமி எழும்பியது.
வெள்ளை போடுங்கோ, வெறும் வெள்ளை.
பூப்படம் வேண்டாம்.
பூவில் எல்லா மொனிற்றரும் நல்லதுதான்.

நான் சுவர்க் கலண்டரில் திகதி பார்ப்பவள்போல் நின்றேன்.
கடைக்கண்ணில் திரை நடுங்கியது,
காய்ச்சல்காரன் போர்வைக்குள் கிடப்பதாய்.
அறுபது ஹேர்ட்ஸ், என்றேன்.
எப்படித் தங்கச்சி?
பென்சிலை எடுத்துத் திரைக்கு முன்னால் வீசினேன்.
ஒரு பென்சில் ஏழு எட்டாய் விரிந்தது,
இடையிடையே இருட்டு.
எண்பத்தைந்துக்கு மாற்றி மறுபடி வீசினேன்.
இருட்டு ஒடுங்கிற்று.
அதன்பிறகு அவரும் ஒரு ஈர்க்கு எடுத்து வீசினார்.
சவர்க்காரம் வாங்க வந்தவர்களும் வீசிப் பார்த்தார்கள்.

என் வேலை கண்ணிவெடி வரைபடம்.
வெட்டையில் முழங்காலில் நகரும் பெட்டையள்
எழுதி அனுப்பும் அளவுகளைச்
சிவப்புப் புள்ளியாக்குவேன்.
அலுவலகத்துப் பதினான்கு அங்குலத்தில்
அடுத்தடுத்த இரண்டு புள்ளி ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும்.
பெரிசாக்கிப் பாருமன் என்பார் அன்ரன்தாஸ்.
பெரிதாக்கினால் புள்ளி பிரியும்.
கிணறு போய்விடும்,
கிணற்றுக்குப் போகும் ஒழுங்கையும் போய்விடும்.
எனக்குப் புள்ளியும் வேண்டும் ஒழுங்கையும் வேண்டும்
ஒரே கண்ணாடியில்.

பதினேழு அங்குலம் ஒன்று, கீறல் இல்லை, புதுசுமாதிரி.
ஆயிரத்து இருபத்துநாலில் அசையாமல் நின்றது.
ஒரு படி ஏற்றினேன்,
அறுபதுக்கு விழுந்தது.
கூர்மை கேட்டால் நடுக்கம்,
நடுக்கம் வேண்டாமென்றால் மங்கல்.
விலையை மட்டும் இரண்டுக்கும் சேர்த்துச் சொன்னார்.

கடைசி, மூலையில், பத்தொன்பது.
இரண்டு பேர் தூக்கினார்கள்.
போட்டதும் டொய்ங் என்று உதறிக்கொண்டது,
குளத்தால் ஏறிய நாய்.
ஆயிரத்து அறுநூறு. எழுபத்தைந்து.
கலண்டரைப் பார்த்தேன். கடைக்கண்ணில் ஒன்றும் நடக்கவில்லை.
நெடுநேரம் நின்றேன், ஒன்றும் நடக்கவில்லை.
சின்ன எழுத்தில் ஒரு தமிழ்ப் பக்கம் திறந்தேன்:
'க்' தலையில் குத்து
தனியாய், முழுதாய், தன்பாட்டில் இருந்தது.

ஒரு பழுது. நிற்பாட்டினால் கண்ணாடியில்
பழைய அட்டவணை ஒன்று மிஞ்சும்.
கொழும்பில் ஏதோ வங்கிக் கவுண்டர்,
ஆறு வருசம் அதே கட்டம், வெந்து பதிந்திருக்கிறது.
வலது ஓர நிரலின் தலையில்
ஆங்கிலத்தில் 'மீதி'.
அதற்காக இரண்டாயிரம் குறைத்தார்.

ட்ரக்டர் பெட்டியில், நெல்மூட்டைகளுக்கு நடுவே,
குழந்தைப்பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோவதுபோல்
குழிக்குக் குழி நிறுத்திக் கொண்டுவந்தோம்.
மேசை வளைந்தது. கீழே இரண்டு செங்கல்.

முதல் திறந்தது இருபத்தேழாம் கட்டம்.
ஒழுங்கை மடக்கில், பனைக்குக் கிட்ட,
ஒன்று என்று நான் நினைத்திருந்தது
இரண்டு.
கை சில்லிட்டது. அன்ரன்தாஸ் வோக்கியைப் பிடுங்கிக் கத்தினார்:
அதிலை ரெண்டு கிடக்கு, ரெண்டு!
இரைச்சலுக்குள்ளால் வனிதமலரின் குரல்:
தெரியும்.
ரெண்டு எண்டுதானே எழுதினனான்.

மாலையில் ஜெனறேற்றர் களைத்தது.
படம் இரு பக்கமும் ஒரு விரல் உள்ளே சுருங்கியது,
கடலோரம் வயலுக்குக் கிட்ட வந்தது.
நிற்பாட்டினேன்.
கறுத்த கண்ணாடியில்
நாலு நிரல், அந்த ஒரு சொல்.
அதன் கீழே
முடிக்காத கட்டங்களை வாய்க்குள் எண்ணினேன்,
நாற்பத்தொன்றில் விட்டுப்போய்
மறுபடி தொடங்கினேன்.
பிறகு துவாயால் மூடினேன். தூசி.